ஓட்டக்காரனா, பெருவயிறனா?

தைனான்,
வாங்யே சாமி பிறந்தநாளுக்கு மறுநாள்

அன்புள்ள அக்கா மகன் பெய்-யுவானுக்கு,

உன் மாமா கோ தியென்-வாங் எழுதிக்கொள்வது. நானும் உன் மாமி பாவ்ஜுவும் நலம், மகள் யாஜூ நலம், அவளுடைய கம்ப்யூட்டரும் உன் புண்ணியத்தில் நலம். தாய்பேயில் மழை விடவில்லை என்று செய்தியில் பார்த்தோம். குடையை ஆபீசில் மறந்து வைத்துவிட்டு வராதே. இதை நான் போனிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ செய்த உதவிக்குக் கட்டைவிரலால் தட்டி நன்றி சொன்னால் எனக்குத் தூக்கம் வராது.

யாஜூ இன்சூரன்ஸ் ஆபீஸ் கணக்கு வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் அனிமேஷன் செய்ய உட்கார்ந்தபோது உன் மாமி போட்ட நிபந்தனை உனக்குத் தெரியும். முதல் படம் சாமி பிறந்தநாளன்று கோயில் முற்றத்தில் ஓட வேண்டும், ஓடாவிட்டால் பெண் மறுபடி அந்த ஆபீசுக்கே போக வேண்டும். கோயில் கமிட்டியில் மார்தட்டி, ‘சாமி ஊர்வலம் முழுவதையும் என் மகள் படமாக்கிக் காட்டுவாள்’ என்று வாக்குக் கொடுத்தவன் நான். வாக்குக் கொடுத்த கையோடு பழைய கிராஃபிக்ஸ் கார்டு புகைந்து உயிரை விட்டது. அந்த நேரத்தில்தான் நீ இரண்டு புதுக் கார்டுகளை அனுப்பி, போட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் திருப்பி அனுப்புங்கள் என்றாய். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது.

பெட்டியைப் பிரித்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அதே கறுப்பு உடம்பு, அதே மூன்று விசிறிகள். நீ எழுதி அனுப்பிய விவரத்தைப் படித்து நானே பெயர் வைத்தேன். விநாடிக்கு நூற்று நாற்பது படம் காட்டுகிறவன், இருநூற்று இருபது வாட் மின்சாரம் குடிக்கிறவன், மெமரி மட்டும் எட்டு ஜிபி: அவன் ஓட்டக்காரன். விநாடிக்கு நூறுதான், நூற்று அறுபத்தைந்து வாட்டுக்குள் அடங்கிவிடுவான், ஆனால் பதினாறு ஜிபி மெமரி: அவன் பெருவயிறன். எதைப் போடுவது என்று புரியவில்லை. நாம் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். கோயிலுக்குப் போய், பழம் வைத்து, சாமியிடம் குறி கேட்கிற பிறைக்கட்டைகள் இரண்டையும் கையில் ஏந்தி, ‘சாமி, ஓட்டக்காரன்தானே வேகமானவன்?’ என்று கேட்டுத் தரையில் போட்டேன். மூன்று தடவையும் ஒரு கட்டை கவிழ்ந்து, ஒரு கட்டை நிமிர்ந்து, சம்மதம் என்று விழுந்தது. சாமியே சொன்ன பிறகு வேறென்ன பேச்சு?

ஓட்டக்காரனைப் போட்டோம். மெஷின் சொன்னபடி கேட்கட்டும் என்று நம் ஊரில் எல்லாரும் அதன்மேல் பச்சை உறை போட்ட பொரிப் பொட்டலம் ஒன்று வைப்பார்கள். உன் மாமி, மூன்று விசிறிக்கு ஒன்று போதாது என்று ஒரு வரிசையாகவே மெஷின் தலையில் அடுக்கினாள். ஆரம்பக் காட்சிகளில் ஓட்டக்காரன் பறந்தான். ஊர்வலத்துக் கூட்டம் வந்ததும் மூச்சு வாங்கினான், இஸ்திரிப்பெட்டியாகக் கொதித்தான், விசிறி அலறியது, திரை இருண்டது. மறுபடி போட்டால் மறுபடி இருண்டது. யாஜூ பழைய ஆபீஸ் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் உன்னைப் போனில் கூப்பிட்டேன். நீ சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்.

“மாமா, முப்பது வருஷம் பஸ் ஓட்டினவரு நீங்க. எவ்ளோ வேகமா ஓட்டினாலும் சீட்டு எட்டுதான்னா, மிச்சப் பேரை நிறுத்தத்துலயே விட்டுட்டுத்தான போகணும்?”

எந்த இன்ஜினியரும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் நின்று கேட்ட உன் மாமி என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். “சாமிகிட்ட வேகமானது எதுன்னு கேட்டீங்க, அவரும் சொன்னாரு. நம்ம வேலைக்கு எது ஒத்துவரும்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பாரே.”

மாற்றுவதை நானே செய்கிறேன் என்றேன். பஸ் இன்ஜினையே பிரித்தவனுக்கு இது என்ன? ஓட்டக்காரனைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன், பெருவயிறனையும் பக்கத்தில் எடுத்து வைத்தேன், அதற்குள் உன் மாமி பால்மீன் கஞ்சியைக் கொண்டுவந்து, இரண்டையும் ஓரமாக ஒதுக்கி மேசையைத் துடைத்து, ஆறுமுன் குடியுங்கள் என்றாள். குடித்துவிட்டு வந்து, பெருவயிறனைப் பதமாகப் பொருத்தினேன். இவன் சாது, இவனுக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்று பொட்டலங்களை ஸ்டூலுக்கு இறக்கினேன். என்ன அருமையான கார்டு! சத்தமில்லை, சூடில்லை, ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஊர்வலம் முழுவதையும் விழுங்கி ஏப்பம் விட்டான்.

நேற்று முற்றத்தில் திரை கட்டினார்கள். பல்லக்கு வருகிற காட்சியில் தெருவோரம் ஒரு பழைய பஸ் நிற்கிறது. டிரைவர் தொப்பியைக் கழற்றி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கும்பிடுகிறான். என் மூக்கு, என் வழுக்கை. கமிட்டிக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், நான் அழுதேன். உன் மாமி யாஜூவின் காதில், “அந்த ஆபீஸ்ல வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடு” என்றாள். அதைவிட எனக்கு என்ன வேண்டும்? எல்லாம் நீயும் அந்தப் பெருவயிறனும் செய்தது. பெருவயிறனை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். ஓட்டக்காரன் இத்துடன் வருகிறான். யார் கேட்டாலும் பதினாறு ஜிபியே வாங்கு என்று என் பெயரைச் சொல்லிச் சொல். அக்காவுக்கு என் வணக்கம். வாங்யே சாமி உன்னை நோய்நொடி இல்லாமலும், உன் கையில் படுகிற மெஷினையெல்லாம் சூடேறாமலும் காக்கட்டும்.

உன் நன்றி மறவாத மாமா,
கோ தியென்-வாங்

பி.கு.: ஓட்டக்காரனைப் பெட்டியில் வைக்கும்போது பார்த்தால், மெஷினில் சொருகுகிற அவனுடைய தங்கப் பல்வரிசையில் கம்பெனி மாட்டிய பாதுகாப்பு மூடி இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறது. மெஷினுக்குள் ஒரு நாளும் போகாதவன். அதாவது, இவன்தான் பெருவயிறன். கஞ்சி குடித்துவிட்டு வந்து, கழற்றியவனையே மறுபடி மாட்டியிருக்கிறேன். யாஜூவிடம் கேட்டேன்.

“அன்னைக்கே தெரியும்பா. நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க, சொல்ல மனசு வரல. பொட்டலம் காத்தை அடைச்சுட்டு இருந்துச்சு, அதை எடுத்ததும் சூடு இறங்கிடுச்சு. மெமரி பத்தலன்னு கூட்டத்துல பாதிப் பேரைப் படத்துலேர்ந்து தூக்கிட்டேன். பஸ்ஸை மட்டும் தூக்கல.”

ஆகையால் மேலே பெருவயிறனைப் பற்றி எழுதியதையெல்லாம் ஓட்டக்காரனுக்கு மாற்றிப் படித்துக்கொள். உனக்குச் சொன்ன நன்றி மட்டும் அப்படியே இருக்கட்டும். இரண்டில் எதைத்தான் திருப்பி அனுப்புவது என்று தெரியாமல், இப்போதுதான் கோயிலுக்கு ஓடிப்போய், இந்தத் தடவை சரியாக, ‘எங்கள் வேலைக்கு எது ஒத்துவரும் சாமி?’ என்று கேட்டுக் கட்டைகளைப் போட்டேன்.

இரண்டும் தட்டையான பக்கம் மேலே வர மல்லாந்து விழுந்தன. சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் சிரித்தார்.