எட்டு மோட்டாரும் என் மகள் நடத்திய பரீட்சையும்

மயிலாப்பூர்,
14.11.1996

அன்புள்ள மச்சான் சர்தார் அவர்களுக்கு, குலாம் ரசூல் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் தங்கை நஸ்ருன்னிசாவும் மகள் ஷம்ஷாத்தும் சுகமாக இருக்கிறோம். கச்சேரி ரோட்டில் மழைத்தண்ணீர் மட்டும் எங்களைவிட சௌகரியமாக இருக்கிறது, கிளம்புவதாகவே காணோம். வாணியம்பாடியில் உங்கள் மூட்டுவலி குறைந்து, மதினியின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

போன கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். ஷம்ஷாத் எம்.ஈ. படித்துக்கொண்டே காலேஜில் டீச்சிங் அசிஸ்டென்ட்டாக இருக்கிறாளே, அப்படியென்றால் டீச்சரா, எடுபிடியா, நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று. ஒன்பதாம் வகுப்போடு நின்றவனிடம் கேட்டால் எனக்கு மட்டும் என்ன தெரியும். ஆனால் போன வியாழக்கிழமை அது எனக்கு நன்றாகவே விளங்கிவிட்டது, விளங்கிய விதம்தான் வெளியே சொல்லும்படி இல்லை, உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அவளுக்கு எலெக்ட்ரிகல் மெஷின் லேபில் வேலை. இரண்டாம் வருஷப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் மோட்டாரையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும். அவர்கள் வயர் மாட்டியதும் ஒவ்வொன்றாகப் பார்த்து, சரி என்று இவள் சொன்ன பிறகுதான் சுவிட்சைப் போடலாம். ரீடிங் எடுத்த நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், ரெக்கார்டு திருத்த வேண்டும், மோட்டார் ஓடாமலேயே போன வருஷத்து நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதுகிறவனைப் பிடிக்க வேண்டும், சாயங்காலம் யாருக்கும் ஷாக் அடிக்காமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். யோசித்துப் பார்த்தால் நான் மோட்டார் வைண்டிங் கடையில் செய்வதும் ஏறக்குறைய இதேதான், ஆனால் நான் செய்தால் ‘மெக்கானிக்கு’, அவள் செய்தால் ‘மேடம்’.

வியாழக்கிழமை அந்த லேபில் பிராக்டிகல் பரீட்சை. முதல் முதலாக ஷம்ஷாத் தனியாக நடத்துகிறாள். இது ஒழுங்காக நடந்தால் அடுத்த செமஸ்டரில் முழு லேபையும் அவளிடமே விடுவதாகவும், இல்லாவிட்டால் பழையபடி ரெக்கார்டு திருத்தத்தான் லாயக்கு என்றும் அவளுடைய புரொபசர் விசாலாக்ஷி மேடம் சொல்லியிருந்தார். ஒரு வாரமாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்கும் சோத்து டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள், உங்கள் தங்கை அதை என் கையில் கொடுத்து விரட்டினாள். ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஷம்ஷாத் பேப்பர் வாங்க ஆபீசுக்குப் போயிருந்தாள். லேப் அட்டெண்டர் அப்துல் சமத் பாய் நமக்குப் பழக்கம், போன கோடையில்தான் அவர் வீட்டு டேபிள் ஃபேனைச் சரிசெய்து கொடுத்தேன்.

“இன்னா பாய், சோறு தூக்கிக்கினு வந்துட்டியா? உள்ள குந்து, டீ சொல்லிட்டு வரேன். எதையும் தொடாத, இன்னிக்கு பரீட்சை கீது.”

“நான் இன்னாத்த தொடப்போறேன், நீ போய்ட்டு வா” என்றேன். மச்சான், அப்போது நான் மனதறிந்து பொய் சொல்லவில்லை.

வரிசையாக எட்டு மோட்டார். மெயின் சுவிட்சுக்குப் பூட்டு. சும்மா பார்த்துக்கொண்டே போனேன், முதல் மோட்டாரில் ஃபியூஸ் கம்பி அறுந்து தொங்குகிறது. அடப்பாவமே என்று அடுத்ததைப் பார்த்தால் அதில் ஒரு வயர் பாதி வெளியே நிற்கிறது. மூன்றாவதில் சுவிட்சுக்குள் காகிதத் துண்டு. இந்த லட்சணத்தில் மெஷினை வைத்துக்கொண்டு பரீட்சை நடத்தினால் என் பிள்ளையின் மானம் என்ன ஆவது? மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள், நான் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பேன். கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்க, பேட்டரியில் மாட்டின சின்ன பல்பும் இருந்தது. டீ வருவதற்குள் ஏழு மோட்டாரைச் சரிசெய்துவிட்டேன். எட்டாவதில் கண்ணுக்கு எதுவும் படவில்லை. கைக்கு வந்த மெஷினைச் சும்மா விட்டுப் பழக்கமில்லாததால் கண்டென்சர் வயரை மட்டும் கழற்றி, முனையைச் சுரண்டி, திரும்ப மாட்டிவிட்டு, டீயை வாங்கிக் குடித்துவிட்டு, டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவு திருப்தியாக நான் டீ குடித்து ரொம்ப நாளாகிறது.

பத்து மணிக்கு எட்டு பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஷம்ஷாத் பூட்டைத் திறந்து, “மோட்டாரை நல்லாப் பாருங்க. கோளாறு இருந்தா கண்டுபிடிச்சு, சரிபண்ணி, என்ன பண்ணீங்கன்னு எழுதுங்க. ஒரு மணி நேரம்” என்றாள். ஜன்னல் வழியாகக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கையால் மறைத்துக்கொண்டேன். மச்சான், அந்தக் கோளாறெல்லாம் என் மகள் முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து, யோசித்து யோசித்து, தன் கையால் வைத்தது.

பிள்ளைகள் சுவிட்சைப் போட்டார்கள். ஏழு மோட்டாரும் ஜோராக ஓடின. ஓடும் மோட்டாரைப் பார்த்து மனுஷன் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. ஜெயராம் என்று ஒரு பையன், டாக்டர் மாதிரி மோட்டாரில் காதை வைத்துக் கேட்டான், பெருமூச்சு விட்டான், பேரிங் தேய்ந்துவிட்டது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினான். ஒருத்தன் கண்டென்சரையே மாற்றச் சொல்லி எழுதினான். ஒரு பொண்ணு ‘கரண்ட் சரியில்லை’ என்று மின்சார வாரியத்தின் மேலேயே எழுதிவிட்டாள். நல்ல மோட்டாரில் இல்லாத கோளாறைக் கண்டுபிடிக்கிறார்களே, இவர்களை நம்பி நாளைக்கு ஊருக்கு எப்படி விளக்கு எரியப்போகிறது என்று எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். எட்டாவது மட்டும் ஓடவில்லை, உர்ரென்று உறுமிக்கொண்டு நின்றது. அதிலிருந்த ஸ்ரீலக்ஷ்மி என்ற பொண்ணு பதறாமல், சுவிட்சை அணைத்து, படம் வரைந்து, வயர் வயராகப் பென்சிலால் தொட்டுப் பார்த்து, கண்டென்சர் வயர் பக்கத்து ஸ்க்ரூவில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து விசாலாக்ஷி மேடம் வந்தார். ஏழு மோட்டார் ஓடுவதைப் பார்த்தார், ஷம்ஷாத்தைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்துவிட்டது, ஆனாலும் குரல் ஆடவில்லை.

“மேடம், நேத்து சாயங்காலம் கோளாறு வச்சிட்டுப் பூட்டினேன். காலைல இன்னொரு தடவை நானே செக் பண்ணியிருக்கணும், பண்ணல. என் தப்புதான்.”

அதற்கு மேல் என்னால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. உள்ளே போய், “அம்மா, தப்பு அவ மேல இல்ல. நான்தான் ரிப்பேர் பண்ணேன்” என்றேன்.

“அத்தா” என்றாள் ஷம்ஷாத். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை வசவு இருந்தது என்று பெற்றவனுக்குத்தான் தெரியும்.

மேடம் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “நீங்களா பண்ணேள்? மெயின் ஆஃப்ல இருந்ததே, எத்தனை நாழி ஆச்சு?”

“சமத் பாய் டீ வாங்கிட்டு வர்ற நேரம்தாம்மா.”

“எதுல என்ன பண்ணேள்னு எங்கயாவது எழுதி வெச்சேளா?”

“கடையிலகூட எழுதறதில்லீங்களே.”

“ஷம்ஷாத், இவருக்கும் ஒரு மார்க் போடு” என்றார். ஷம்ஷாத் யோசிக்காமல், “பத்துக்கு ஏழு. எழுதி வைக்காததுக்கு மூணு மார்க் கட்” என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அரை மணி நேரத்தில் புதுசாக வேறு கோளாறுகளை வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்து, பரீட்சையைத் திரும்ப நடத்தி முடித்தாள். ஸ்ரீலக்ஷ்மி மட்டும் மறுபடி எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். மேடம் அந்த எட்டாவது மோட்டாரைப் பற்றி எல்லோர் முன்னாலும், “ரொம்ப நுட்பமான கோளாறு, பார்த்தா எல்லாம் சரியா இருக்கற மாதிரியே இருக்கு” என்று சொன்னபோது ஷம்ஷாத் தலையைக் குனிந்துகொண்டாள், அவ்வளவு கூச்சம். முப்பது வருஷமாக மோட்டார் சுற்றுகிற நானே தோற்றுப்போன கோளாறு அது. அப்படியொன்றை வைக்க என் மகளால்தான் முடியும் என்று அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த செமஸ்டருக்கு முழு லேபும் அவளிடம்தான் என்று நேற்று மேடம் எழுதியே கொடுத்துவிட்டார். ஆகவே யாராவது கேட்டால் டீச்சர் என்றே சொல்லுங்கள். கெடுக்கத் தெரிந்து, கெடுத்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு, தப்பு நடந்தால் நான்தான் என்று சொல்லவும் தெரிய வேண்டிய வேலை.

பெரியவர்களுக்கு எங்கள் சலாமும் குழந்தைகளுக்கு முத்தமும் சேரட்டும். அல்லாஹ் நம் இரு வீட்டுக்கும் நிம்மதியையும், எனக்குக் கூடுதலாகக் கையடக்கத்தையும் தருவானாக. உங்கள் துஆவில் என்னையும் மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குலாம் ரசூல்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் ஷம்ஷாத் கடிதத்தை வாங்கி, ரெக்கார்டு திருத்துவது போல் சிவப்புப் பேனாவோடு படித்தாள். எட்டாவது மோட்டாரில் அவள் எந்தக் கோளாறும் வைக்கவில்லையாம். கோளாறு இல்லை என்று துணிந்து எழுதுகிறவர் யார் என்று பார்க்க அதை நல்லபடியாகவே விட்டிருந்தாளாம். பிள்ளைகள் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அங்கே பேசாமல் இருந்துவிட்டு, அன்று சாயங்காலமே மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். எனக்குச் சொல்வதைத்தான் ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டாளாம். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டதால் வேறு கடிதம் எழுத வழியில்லை. ‘என் மகளால்தான் முடியும்’ என்று மேலே இருக்கும் இடத்தில் நீங்களே என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளவும். மதினிக்கு வாசித்துக் காட்டும்போது மட்டும் எழுதியிருக்கிறபடியே வாசிக்கவும்.