இருநூற்றுத் தொண்ணூறு மீட்டர்

நெட்வொர்க் ஸ்விட்சில் பச்சை விளக்கு எரியவில்லை. ஜெயச்சந்திரன் மாட்யூலைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினான். விளக்கு அவனை மதிக்கவே இல்லை.

ஆரணியில் லோகநாதனின் பட்டுக்கடைக்குப் பின்னால் முற்றம். அதைத் தாண்டினால் தறிக்கூடம். அங்கே கம்ப்யூட்டரில் போடும் புடவை டிசைன், கண்ணாடி இழைக் கேபிள் வழியாகக் கடைக்கு வரும். வந்து சேர்வதற்குள் வாடிக்கையாளர் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அதனால் முதலாளியின் மைத்துனர், சென்னையில் மூடிய ஏதோ கம்பெனியிலிருந்து பத்து கிகாபிட் வேக ஸ்விட்ச் இரண்டைப் பிடித்துவந்தார். கேபிள் பழையதே போதும். இழைக்குள் ஒளியை அனுப்பி வாங்கும் மாட்யூலை இரண்டு முனைக்கும் வாங்கிச் செருகுவது மட்டும், புதிதாகச் சேர்ந்த ஜெயச்சந்திரன் பொறுப்பு.

"வெள்ளிக்கிழமை பூஜை. ஓடிச்சுன்னா வேலை நிரந்தரம். ஓடலைன்னா சேத்துப்பட்டு பஸ் ஏறிடு," என்றார் லோகநாதன்.

சேத்துப்பட்டில் இருந்தது ஜெயச்சந்திரனின் மாமனார் வீடு. அன்றே மாட்யூல் வாங்கக் கிளம்பினான்.

முதலில் வாங்கியது குறுந்தூர மாட்யூல். பழைய இழையில் அது முப்பத்து மூன்று மீட்டர்தான் போகும் என்றது கையேடு. கேபிளின் மேல்தோலில் மீட்டர் கணக்கு அச்சடித்திருக்கும். கடை முனையில் மூன்று. தறிக்கூட முனையில் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று.

"முற்றமே இருவது மீட்டர்தானே சார்?" என்றாள் டிசைன் போடும் கீதா.

"கேபிள் செவுத்துக்குள்ள பூந்து கோயிலச் சுத்திகினு வந்திருக்கும்மா. அச்சு பொய் சொல்லாது."

அதைத் திருப்பிக் கொடுத்து, பத்து கிலோமீட்டர் போகும் மாட்யூல் வாங்கினான். கூடவே மெதுவான லைனுக்கு இருந்த பழைய ஸ்விட்சையும் மாட்யூல் கடைக்காரனிடம் தள்ளிவிட்டான். புது மாட்யூலில் விளக்கு வந்தது, போனது, வந்தது. அது மெல்லிய இழைக்கானது. பழைய இழை தடிமன். அதற்குள் ஒளி வழி தெரியாமல் திண்டாடியது.

இப்போது மெதுவான லைனும் இல்லை. கீதா பென் டிரைவோடு முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தாள். பழைய லைனைவிட அவள் வேகம். ஜெயச்சந்திரன் அதை முதலாளியிடம் சொல்லவில்லை.

பழைய இழையிலேயே முந்நூறு மீட்டர் போகும் மாட்யூல் ஒன்று இருந்தது. பெங்களூரிலிருந்து வியாழன் மாலை வந்தது.

"இன்னா சார், மாட்யூல் பெருசா இருக்குது, ஓட்டை சின்னதா இருக்குது?" என்றாள் கீதா.

ஜெயச்சந்திரன் ஸ்விட்சில் செருகிப் பார்த்தான். நுழையவில்லை.

வெள்ளிக்கிழமை லோகநாதன் கற்பூரத் தட்டோடு தறிக்கூடத்துக்கு வந்தார்.

"கேபிள் நீளம் ஜாஸ்திங்க. புதுசா இழுத்தாதான் ஆவும்," என்றான் ஜெயச்சந்திரன்.

"என் கேபிள்லியே குத்தம் சொல்றியா? நானே கூட நின்னு போட்டதுப்பா! ஒரே பேஜாரா போச்சு. ஜல்தியா கணக்க முடிச்சுகினு கிளம்பு."

ஜெயச்சந்திரனுக்கு அழுகை வந்தது. தறியில் நெய்துகொண்டிருந்த தருமன் நாடாவை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"புதுசு எதுக்குங்க? கடைக்கு இருவது மீட்டர்தான் ஆச்சு. கேபிள அறுக்கப் போனேன், முழுசா வந்த பாவு நூல அறுத்தா தொழிலுக்கு ஆவாதுன்னு மொதலாளி கத்திரிய புடுங்கிகினாரு, மீதி கேபிளெல்லாம் பரண்மேல பாவு உருளையில சுத்தி வெச்சிருக்கேன்."