ஜெலகாட் எத்தனை சதவீதம் மெஷின்?

"உன் ஆய்வேட்டுல நாப்பது சதவீதம் மெஷின் எழுதினதும்மா. மென்பொருள் அப்படித்தான் சொல்லுது" என்றார் ஆய்வு வழிகாட்டி டாக்டர் செரோட்டிச்.

"எல்லாம் நான் எழுதினதுதான் மேடம்."

"இவ்வளவு இலக்கண சுத்தமாவா?"

இலக்கணம் தப்பினால் பள்ளிக்கூடத்தில் பிரம்புதான் பேசும். கென்யாவில் எல்டொரெட் பக்கம் படித்த யாரைக் கேட்டாலும் முட்டியைக் காட்டுவார்கள். இதை மென்பொருளிடம் யார் போய்ச் சொல்வது? வெள்ளிக்கிழமை பட்டமளிப்பு. ஜெலகாட்டின் அம்மா சுரைக்குடுக்கையில் முர்சிக் பாலைப் புளிக்க வைத்து, ஊரே ஏறி வர மட்டாட்டு வேனும் பேசி முடித்துவிட்டாள்.

மூடுபனிக் காலத்தில் மாடுகள் எப்படிக் கறக்கின்றன என்பதுதான் ஆய்வு. ஜெலகாட் அதை எளிமையாக்கி மறுபடி எழுதினாள். மென்பொருள் அறுபது என்றது.

"நாலு தப்பு விட்டு எழுதுடி, மனுஷ வாடை வரும்" என்றாள் அறைத்தோழி நசிமியு.

விட்டாள். எழுபத்தைந்து.

அடுத்து, சின்ன வயதில் பனியில் வழி தவறி, பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்த கதையைச் சேர்த்தாள். எழுதும்போதே அழுதுவிட்டாள். தொண்ணூறு.

"அழுகை ரொம்ப நல்லா வந்திருக்கு. அதான் இடிக்குது" என்றார் டாக்டர்.

ஜெலகாட்டுக்குத் தூக்கம் போயிற்று. பகலெல்லாம் கண் செருகியது. வகுப்பில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே பனி உள்ளே வந்தது. கரும்பலகை மெல்ல அசைந்து, மேயப் போன மாடு மாதிரி அதற்குள் மறைந்தது. தன் விரல்கள் யாரோ செய்து மாட்டியவை போல் இருந்தன.

"நான் நெசமாவே மெஷினா இருந்தா, அது எனக்குத் தெரியுமா?"

"மெஷின் இவ்வளவு உகாலிக் களி திங்காதுடி" என்றாள் நசிமியு. அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கடைசியில் டாக்டரின் எதிரிலேயே உட்கார்ந்து முழு அத்தியாயத்தையும் கையால் எழுதிக் கொடுத்தாள். தொண்ணூற்றொன்பது.

"மேடம், நீங்கதான் பாத்தீங்களே."

"பாத்தேன். ஆனா என் கண்ணுக்கு யாரும்மா சான்றிதழ் குடுத்திருக்கா? மென்பொருளுக்கு இருக்கே."

நேரே அந்த மென்பொருள் இருக்கும் கணினிப் பிரிவுக்குப் போனாள். மையோ என்ற அலுவலர் தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா நலமா, மாடு நலமா, மழை எப்படி என்று எல்லாம் விசாரித்து முடித்த பிறகே பேச்சு விஷயத்துக்கு வந்தது.

"அப்ப இன்னொரு தடவை எழுதித் தாயேன்" என்றார் மையோ.

ஜெலகாட்டுக்குள் ஏதோ அறுந்தது. "மாட்டேன். இனி ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன். உங்க பட்டமும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம், போங்கய்யா" என்று மேசையில் ஓங்கி அடித்தாள். தேநீர் சிந்தியது.

மையோ நிதானமாகத் துடைத்துவிட்டு, பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே பூஜ்யம் சதவீதம் என்று போட்டார்.

"மென்பொருள் போன பருவமே நின்னுபோச்சும்மா, நான்தான் படிச்சுப் பாத்து சதவீதம் போடுறேன், எத்தனை தடவை திருப்பி அனுப்பினாலும் கோபமே வராம எழுதித் தர்றவளை நான் எப்படி மனுஷின்னு நம்புறது?"