எறும்பு முசே வைத்த இரண்டு கொட்டாங்கச்சி

அடுத்தவன் மூத்திரத்துக்கு எறும்பு முசே அளவுக்கு மரியாதை கொடுத்தவர் பாகூரில் இல்லை. உலகத்திலேயே இருக்க முடியாது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் தரை துடைத்தவர்; 'முசே' என்றால் அங்கே 'ஐயா'. திரும்பி வரும்போது ஒரு பழைய கோட்டு, சர்க்கரை வியாதிக்காரன் மூத்திரத்தில் எறும்பு மொய்க்கும் என்ற ஞானம், இரண்டையும் கொண்டுவந்தார். வேலியோரம் சொந்தமாக ஒரு எறும்புப் புற்று வைத்திருந்தார். அந்தப் பக்கம் ஒரு வெல்லத் துணுக்கு விழ விடமாட்டார். "வயிறு ரொம்புன எறும்பு பொய் சொல்லும்டா" என்பார்.

எனக்குக் குருவிநத்தத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. என் மூஞ்சிக்கு ஒருத்தி ஒத்துக்கொண்டதே ஊருக்குத் திருவிழா. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கையில் சளிக்காய்ச்சலில் விழுந்தேன். உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. குடம் குடமாய்க் குடித்தேன், குடம் குடமாய்ப் போனேன். முசே கொட்டாங்கச்சியோடு வந்து என் மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் தெருமுனையிலிருந்தே கத்தினார்: "டேய், மொய்க்குதுடா! புத்தே காலி! சக்கர வியாதிடா உனக்கு!"

சேதி குருவிநத்தம் போய்விட்டது. மாமனார் ஆளனுப்பினார்: "சக்கரக்காரனுக்குப் பொண்ணு கெடையாது."

ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் முசே மறுபடி கொட்டாங்கச்சியை நீட்டினார்.

"இன்னும் இன்னா முசே கெடுக்கணும்?"

"குட்றா, மூதேவி."

இந்தத் தடவை ஒரே ஒரு எறும்பு வந்தது. எட்டிப் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது. அடுத்த நாலு நாளும் அப்படியே. முசே தலையில் கைவைத்தார்.

"காச்ச ஏத்துன சக்கரடா அது! காச்ச எறங்குச்சி, அதுவும் எறங்கிடுச்சி. உனக்கு வியாதியே இல்ல. நாந்தான் அவசரப்பட்டு தெருவுல கத்திட்டேன்."

மறுநாள் கோட்டை மாட்டிக்கொண்டு என்னைக் குருவிநத்தத்துக்கு இழுத்துப் போனார். மாமனார் வீட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் என்னை அனுப்பி, நான் கொண்டுவந்ததை வாசலில் ஓடிய எறும்புச் சாரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னாயா இது?" என்றார் மாமனார்.

"உங்க மாப்ள."

எறும்புகள் என்னைச் சட்டை செய்யவில்லை. மாமனாரும் மசியவில்லை. "எங்கூரு எறும்பு எதுக்குமே வராதோ இன்னாவோ, யாரு கண்டா?"

முசே கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பிறகு இன்னொரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு தானே வைக்கோல் போர்ப் பக்கம் போனார். கொண்டுவந்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். சாரை அப்படியே வளைந்தது. கொட்டாங்கச்சி கறுத்துப் போனது.

மாமனார் வாயைப் பிளந்தார். "யோவ், இது உன்னுதாச்சே!"

"எறும்பு ஒழுங்காத்தான் கீது, பெரியவரே. கல்யாணத் தேதிய மாத்தாதீங்க."

திரும்பும் வழியில் கேட்டேன். "எத்தினி நாளா முசே?"

"அது கெடக்குது மூணு வருசமா. வைத்தியனுக்கே வியாதின்னா எவன்டா வருவான்? வெளிய சொல்லாத."

கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலை அவருக்கு. பாயசம் வந்தபோது இலையைக் கையால் மூடிக்கொண்டார். மாப்பிள்ளையும் வேண்டாமென்றால் மாமனாருக்கு மறுபடி சந்தேகம் வரும். வரட்டுமே, முசே தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது. நானும் என் இலையை மூடிக்கொண்டேன்.