எண்பத்தெட்டு ஒலிப்பான் வைத்த வண்டி

வேங்கிக்காலில் புதுவீடு கட்டுகிறவர்கள் ஹாலில் எதையாவது வைத்தே தீரவேண்டும் என்று அரசாணை எதுவும் கிடையாது. ஆனாலும் 1998-ஆம் வருஷம் அந்தப் பகுதி மக்கள் இல்லாத அந்த ஆணையை, இருக்கிற ஆணைகளைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தார்கள். முதல் தெருவில் எல்லார் வீட்டிலும் மீன்தொட்டி. இரண்டாம் தெருவில் மீன்தொட்டியும், அதற்குள் குமிழி விடும் பொம்மையும். மூன்றாம் தெருவில் வீடு கட்டிய முருகவேலுக்கு, மீனைத் தாண்டி இனி எங்கே போவது என்று புரியவில்லை.

வழி சொன்னது அவருடைய பத்து வயது மகள் கவிநிலா. பள்ளிக்கூடத்துப் பியானோவில் ஒரே ஒரு பாட்டு கற்றிருந்தாள். வீட்டில் காலண்டர் அட்டையின் பின்பக்கம் கட்டைகளை வரைந்து வைத்துக்கொண்டு, சத்தமே வராமல் அதையே வாசித்துக்கொண்டிருப்பாள்.

"நம்ம வீட்லயே பியானோ இருந்தா ரெண்டாவது பாட்டும் கத்துக்குவேம்பா."

"ஞாயித்துக்கெழம கிரகப்பிரவேசத்துக்கு நீ நெஜப் பியானோவுல வாசிக்கிற. அப்பா சொல்லிட்டேன்" என்றார் முருகவேல். சொன்னதோடு நிற்காமல் அழைப்பிதழிலும் அச்சடித்துவிட்டார்.

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை வியாபாரி சக்கரபாணியிடம் ஒரு பழைய பியானோ இருந்தது. புதுச்சேரி பங்களா ஒன்றிலிருந்து ஆசையாக வாங்கி வந்தவர், இப்போது அதன்மேல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாசிச்சுப் பாக்கலாங்களா?"

"தாராளமா. மூட்டைய எறக்கிட்டு வாசிங்க."

ஒரு கட்டையை அழுத்தியதும் சத்தம் வந்தது. பின்னாலேயே கடகடவென்று இன்னொரு சத்தமும் வந்தது.

"உள்ள வேர்க்கடலை கெடக்குது போல?"

"அது நம்ம அன்பளிப்புங்க" என்றார் சக்கரபாணி.

வெள்ளிக்கிழமை காலை பியானோ டெம்போவில் ஏறியது. ஊரில் அப்போது தீபத் திருவிழா. முருகவேலுக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. ஏனென்றால் அவரே ஓர் அலுவலகத்தில் திருவிழா வாகன அனுமதிப் பிரிவு உதவியாளர். எந்த அலுவலகம் என்று சொன்னால் அவர்கள் வருத்தப்படுவார்கள். சொல்லாவிட்டால் எல்லா அலுவலகமும் தன்னைத்தான் என்று நினைத்துக்கொள்ளும். போகட்டும்.

சுற்றறிக்கை எழுதுவதில் முருகவேலை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. போன வருஷம் சுண்டல் விற்கும் பாஞ்சாலை, "இது வண்டியே இல்ல சார், அடுப்பு. அடுப்புக்குக் கீழ நாலு சக்கரம் இருக்குது, அவ்ளோதான்" என்று வாதாடி ஊருக்குள் புகுந்துவிட்டாள். அவளை மடக்குவதற்கென்றே அவர் ஒரு வாக்கியம் எழுதினார்: "சக்கரம் பொருத்தப்பட்ட யாதொரு பொருளும், அஃது ஓடினும் ஓடாவிடினும், உரிய அனுமதிச் சீட்டின்றித் திருவிழாக் காலத்தில் நகர எல்லைக்குள் நுழையலாகாது." எறும்பு கூட நுழைய முடியாத வாக்கியம் என்று மேலாளர் காசி பாராட்டியிருந்தார்.

செஞ்சி சாலைத் தடுப்பில் ஊர்க்காவல் படை முருகையன் டெம்போவை நிறுத்தினார்.

"டெம்போவுக்குப் பாஸ் இருக்குது, சரி. உள்ள நிக்கிற வண்டிக்கு?"

"அது வண்டி இல்லப்பா, பியானோ."

முருகையன் குனிந்து பார்த்தார். பியானோவின் அடியில் நான்கு குட்டிப் பித்தளைச் சக்கரங்கள் பளபளத்தன. அவர் சட்டைப்பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து நிறுத்தி நிதானமாகப் படித்தார். தம் வாக்கியத்தை ஒருவர் இத்தனை பயபக்தியோடு படிப்பதைக் கேட்டு முருகவேலுக்கு உடம்பு புல்லரித்தது. படித்து முடித்த பிறகுதான் அது தம் பியானோவுக்கும் பொருந்தும் என்று உறைத்தது.

"சக்கரத்தக் கழட்டிட்டாப் போச்சு."

"மூணாவது பாராவப் பாருங்க சார். 'சக்கரத்தை அகற்றி ஏமாற்ற முயல்வோர்'னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

பியானோ புளியமரத்தடியில் இறக்கப்பட்டது. பக்கத்திலேயே பாஞ்சாலையின் வண்டியும் நின்றுகொண்டிருந்தது.

முருகவேல் அலுவலகத்துக்கு ஓடினார். தம் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று தங்கம்மாளிடம் விண்ணப்பம் கொடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது மேசை இவ்வளவு உயரமா என்று இருந்தது.

"பத்து வருஷமா ஒண்ணா டீ குடிக்கிறோம், இருந்தாலும் கேக்கணும்ல" என்று தங்கம்மாள் படிவத்தை எடுத்தார். "இருக்கை எத்தன?"

"ஒரு ஸ்டூல்."

"ஒண்ணு. பெடல்?"

"மூணு."

"கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர். ஒலிப்பான் உண்டா?"

"கட்டைய அழுத்தினா சத்தம் வரும்..."

"எத்தன கட்ட?"

"எம்பத்தெட்டு."

தங்கம்மாள் பேனாவை வைத்துவிட்டார். "நாலு சக்கரம், மூணு பெடல், எம்பத்தெட்டு ஒலிப்பான். இத வண்டி இல்லன்னு எந்தக் கோர்ட்டுல போய்ச் சொல்லுவீங்க? சரி, ஓட்டுறது யாரு?"

"எம் பொண்ணு."

"வயசு?"

"பத்து."

விண்ணப்பம் அங்கேயே நிராகரிக்கப்பட்டது.

அன்று மாலை கவிநிலா காலண்டர் அட்டையை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முருகவேலுக்கு அழுகையே வந்துவிட்டது. இருபது வருஷ சர்வீஸில் தாம் எழுதிய ஒரு வாக்கியத்தைத் தாமே வெறுத்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை பாஞ்சாலை அலுவலகத்துக்கு வந்து நின்றாள்.

"எங் கடலச் சுண்டலு ஊசிப்போவுது சார். வண்டிய வுடுங்க."

"சக்கரம் இருக்குதே, நான் இன்னாம்மா பண்றது?" என்றார் முருகவேல்.

பாஞ்சாலை உள்ளே எட்டிப் பார்த்தாள். மேலாளர் காசி, முந்தாநாள் சென்னையிலிருந்து வந்த புது நாற்காலியில் இப்படியும் அப்படியும் உருண்டுகொண்டிருந்தார்.

"அதுக்குக் கீழ அஞ்சு சக்கரம் இருக்குது. என்னுதுக்கு நாலுதான். அதுக்குப் பாஸ் இருக்குதா சார்?"

காசி உருள்வதை நிறுத்தினார். நாற்காலி நாற்பது மாதமாகக் கேட்டு வாங்கியது. அதைப் புளியமரத்தடிக்கு அனுப்புவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"முருகவேல், உடனே ஒரு திருத்தம் போடுங்க!"

சாதாரணமாக ஒரு திருத்தத்துக்கு ஆறு மாதம் ஆகும். இது பத்து நிமிஷத்தில் முடிந்தது: "அரசு அலுவலர் எவரேனும் அமர்ந்திருக்கும் சக்கரப் பொருள் நீங்கலாக." காசி கையெழுத்துப் போட்டார். அதன்மேல் மை காய்வதற்குள் முருகவேலுக்கு மூளையில் விளக்கு எரிந்தது.

அன்று மதியம் செஞ்சி சாலைத் தடுப்பில் டெம்போ வந்து நின்றது. டெம்போவில் பியானோ. பியானோவின்மேல், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு முருகவேல். முருகையன் திருத்தத்தைப் படித்தார், மேலே அண்ணாந்து பார்த்தார், ஒரு சல்யூட் அடித்து வழிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கவிநிலா வாசித்தாள். நடுநடுவே வேர்க்கடலையும் உருண்டது. முருகவேலின் மனைவி வினோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காசி பியானோவைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பிரமாதம். கேசட்டு எந்தப் பக்கம் போடறது?"

"ரெண்டாவது பாட்டு வாசிக்கட்டுமாப்பா? பாதி வருது" என்றாள் கவிநிலா.

முருகவேல் வாயைத் திறப்பதற்குள் வாசலில் குரல் கேட்டது.

"சார், வந்து ஏறுங்க. புளியமரத்தடி வரைக்கும் போயி என் வண்டியில உக்காரணும். பியானோவுல உக்காந்தவரு சுண்டல் வண்டியில உக்கார மாட்டாரா?"

மறுக்க அவருடைய வாக்கியத்தில் இடமில்லை. இரண்டாவது பாட்டின் பாதியை அவர் தெருமுனையில் இருந்துதான் கேட்டார்.

திங்கட்கிழமைக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கரும்புச்சாறு வண்டியில் தங்கம்மாள். பலூன் வண்டியில் காசி. மீதித் திருவிழா முழுக்க ஊரிலுள்ள தள்ளுவண்டிகள் எல்லாவற்றிலும் தலா ஓர் அலுவலர் உட்கார்ந்திருந்தார். அலுவலகங்களில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. பொதுமக்கள் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

கடைசி நாள் ஒரு சங்கடம் நேர்ந்தது. பாஞ்சாலை தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், ஒருவர் வந்து சுண்டல் கேட்டார். வண்டிமேல் இருந்த முருகவேல் பழக்கதோஷத்தில், "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

தலையை ஆட்டிவிட்டுப் போனவர், மறுநாள் காலை எட்டு மணிக்கே, வண்டி இல்லாத அந்த இடத்தில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள்.