மீனுக்கு ஏது முட்டி?

கோரா வாலை அடித்தாள். தண்ணீர் அசைந்தது, கோரா அசையவில்லை.

ஃபுளோரிடாவில், கடற்பசுக்கள் வந்து ஒதுங்கும் ஊற்றுக்குள் கண்ணாடிச் சுவர் கட்டி, கடற்கன்னி ஆட்டம் காட்டும் இடம் அது. இன்னும் சற்று நேரத்தில் முதலாளியம்மா மிஸ் ஓபல் கண்ணாடிக்குப் பின்னால் வந்து உட்காருவார். நீச்சல் பிடித்தால் வேலை. இல்லாவிட்டால் அம்மாவோடு நண்டு உடைக்கும் கொட்டகைதான். அம்மாவின் வெட்டுப்பட்ட விரல்களை நினைத்ததுமே கோரா வாலை இன்னும் வேகமாக அடித்தாள்.

அவள் தண்ணீருக்கடியில் மூச்சுவிட ரப்பர் மூச்சுக்குழாயைக் கரையில் பிடித்திருந்த அண்ணன் வெஸ்லி குனிந்து பார்த்தான்.

"என்னடி, நங்கூரம் போட்டாப்ல நிக்கிற?"

கோரா தலையை வெளியே நீட்டினாள். "வால் தள்ளவே மாட்டேங்குதுடா."

"இங்க ஆடுற மத்தவளுங்க வாலெல்லாம் தட்டையா இருக்கு. உன்னுது ஏன் செங்குத்தா நிக்குது?"

"மடவை மீனைப் பக்கத்துல வச்சு, பாத்துப் பாத்துத் தைச்சேன். மீன் வாலு நின்னாப்லதான் இருக்கும். இடமும் வலமும் ஆட்டித்தான் போகும்."

"மீனுக்கு ஏதுடி முட்டி? உன் காலு முன்னும் பின்னும்தானே மடங்கும்! டால்பின் வாலுல்ல தைச்சிருக்கணும்!"

கோராவுக்கு அழுகை வந்தது. தண்ணீருக்குள் அழுவதில் ஒரு வசதி, வெளியே தெரியாது.

"சரி சரி, ஒருக்களிச்சுப் படு. பார்வைக்காவது தட்டையாத் தெரியும்."

படுத்தாள். பார்வைக்கு வால் தட்டையானது. ஆனால் கத்தி மாதிரி தண்ணீரை அறுத்ததே தவிர, தள்ளவில்லை.

"இடுப்ப வளைச்சு ஆட்டு!"

ஆட்டினாள். நகர்ந்தாள், செக்குமாடு போல ஒரே வட்டத்தில். வால் வேறு மேலே மிதந்தது.

"இந்தா, ஈயக்கட்டி. இடுப்புல கட்டிக்க."

கட்டியதும் நேராக அடியில் போய் விழுந்தாள். வால் பட்டுச் சேறு கிளம்பியது. ஜிகினா, கை, முகம் எல்லாம் சாம்பல் நிறம். தலைமுடியில் பாசி அப்பிக்கொண்டது.

அப்போதுதான் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. மிஸ் ஓபல்! மூக்குக்கண்ணாடி கழுத்தில் தொங்க, நெஞ்சில் கை வைத்தபடி கலக்கலுக்குள் உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

அழுகிறாரே! அவ்வளவு பிடித்துவிட்டதா? கோரா உயிரைக் கொடுத்துச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று மேலே வலை விழுந்தது.

கரையில் இழுத்துப் போட்டார்கள். வலையை இழுத்ததில் அறுந்த ரப்பர் குழாயோடு வெஸ்லி வாயைப் பிளந்து நின்றான். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் ஈரக் கம்பளியால் அவள் முகத்துச் சேற்றைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

"மிஸ் ஓபல்தான்மா கூப்பிட்டாங்க," என்றார் மெதுவாக. "கடற்பசு ஒண்ணு சாகக் கிடக்குது, சீக்கிரம் தூக்குங்க, கோரான்னு ஒரு பொண்ணு நீந்திக்காட்ட வரணும், இன்னும் ஆளையே காணோம்னு சொன்னாங்க."