கதவைச் சாத்திய கதாநாயகி

"சார், நாவலோட கடைசி அத்தியாயத்தை நீங்க படிக்கலையா?"

போனில் இயக்குநர் கேட்டதும் விமர்சகருக்குச் சுர்ரென்று ஏறியது. பத்திரிகை உலகில் 'பூதக்கண்ணாடி' என்று பெயரெடுத்தவரிடம் கேட்கிற கேள்வியா இது?

அந்தப் பழைய நாவலில், சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன கணவன் திரும்பி வருகிறான். கதாநாயகி முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிறாள். அதோடு கதை முடிகிறது. அதை வைத்து இயக்குநர் எடுத்த படத்திலோ அவள் கதவைத் திறந்து, உட்காரவைத்துச் சோறும் போடுகிறாள். 'நாவலைக் கொன்றுவிட்டார்கள்' என்று அன்றைய இதழில் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்.

கல்யாணமான புதிதில், அச்சகத்தில் வேலை பார்க்கும் மனைவி படிக்கக் கொடுத்த புத்தகம் அது. அந்தக் கதவு அவரை உலுக்கிய உலுக்கலில், இன்றுவரை வெளியூர் விழாவென்றாலும் ராத்தங்காமல் வீடு திரும்பிவிடுவார்.

இருந்தாலும் மனசு கேட்காமல் புத்தகக் கடைக்குப் போய்ப் புரட்டினார். கதவைச் சாத்திய பிறகு இன்னும் ஓர் அத்தியாயம் இருந்தது. அதில் அவள் திறக்கிறாள்.

வீட்டுக்கு ஓடிவந்து தன் பிரதியைப் பார்த்தார். சாத்திய கதவோடு சரி. கிழிந்த அடையாளம்கூட இல்லை.

அதற்குள் பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டுவிட்டார். "என்னய்யா எழுதியிருக்கே? தப்புன்னா நாளையிலேர்ந்து உன் விமர்சனம் வராது."

"என்கிட்ட இருக்கறதுதான் சார் அசல் பதிப்பு. கடைசி அத்தியாயம் பின்னாடி யாரோ ஒட்டவெச்சது."

வாயில் வந்ததைச் சொல்லித் தப்பித்தால், மறுநாள் முதல் பக்கத்தில் அதுதான் செய்தி. பதிப்பாளர் ஒருவர் ஒரு படி மேலே போய், விமர்சகரின் முன்னுரையோடு 'அசல் பதிப்பை' அச்சுக்கே கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் இயக்குநர் நேரில் வந்தார். புத்தகத்தை வாங்கி, தையலைத் தடவி, விளக்கருகே பிடித்துப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"ஒரு பிசிறு இல்ல சார். நான்தான் ஏமாந்துட்டேன். முடிவை மாத்தி எடுத்துடறேன்."

"பரவால்ல தம்பி, மூலத்தை ஒழுங்காப் படிக்கணும்," என்று பெரிய மனசு பண்ணி மன்னித்தார் விமர்சகர். போன உயிர் திரும்பி வந்திருந்தது.

இயக்குநர் படியிறங்க, பைண்டிங் வேலை முடிந்து மனைவி உள்ளே வந்தாள். விரலில் பசை இன்னும் காயவில்லை.

"ஏங்க, உங்க அசல் பதிப்பு எங்க அச்சகத்துக்குத்தான் வந்திருக்கு, உடனே நிறுத்தச் சொல்லுங்க. எப்பப் போனாலும் கதவு திறக்கும்னு நீங்க நெனச்சிடக் கூடாதேன்னு, அந்தக் கடைசி அத்தியாயத்தை நான்தான் பிரிச்சு எடுத்துட்டுத் தெச்சுக் கொடுத்தேன்."